தொட்டாலே எரியும் சுவிட்ச்

இரண்டு சுவிட்ச் வாங்கிவரச் சொல்லித்தான் என் கணவரைத் தி. நகருக்கு அனுப்பினேன். சமையலறைச் சுவிட்ச் உள்ளே ஸ்பிரிங் போய்த் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. குளியலறைச் சுவிட்சைப் போடும்போதெல்லாம் உள்ளே சடசடவென்று ஒரு சத்தம். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையிலேயே எலக்ட்ரிகல் கடை இருக்கிறது. அங்கேயே வாங்கியிருக்கலாம். ஆனால் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பக்கத்துக் கடையில் எதையும் வாங்கப் பிடிப்பதில்லை. கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட பஸ் ஏறுவார்.

சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோக்காரரும் அவருமாக அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கி வந்தார்கள். வீணை வகுப்புக்கு வந்திருந்த மாணவிகள் வாசித்துக்கொண்டிருந்த வர்ணத்தை நடுவில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“ரெண்டு சுவிட்சுக்கா இத்தனை பெட்டி?” என்றேன்.

“ஆத்துல எல்லாத்தையும் மாத்திடலாம்னு தோணித்து. இதப் பாரேன்.”

ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினார். கறுப்புக் கண்ணாடிப் பலகை. அதில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன வட்டங்கள். அழுத்துவதற்கு ஒரு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

“தொட்டாலே போதும். அழுத்தவே வேண்டாம். கடைக்காரர் ஒத்த விரலை இப்படி வெச்சார், விளக்கு அப்படியே மெதுவா மலர்ந்தது. தேயறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்லையாம்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“எலக்ட்ரிக் சமாச்சாரம். இதுல உன்னை என்ன கேக்கறது?”

மாணவிகளை மறுபடி வர்ணத்தை எடுக்கச் சொன்னேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் படித்தது பௌதிகம். பெண்கள் கல்லூரி ஒன்றில் மூன்று வருஷம் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினேன். கல்யாணம் ஆனது, இந்த வீட்டுக்கு வந்தேன். வீட்டோடு இருந்துகொண்டே செய்ய முடிந்த வேலை வீணை சொல்லிக்கொடுப்பதுதான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். வீணையில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஃபியூஸ் போனால் அவர் நாற்காலி மேல் ஏறுவார், மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று மேலிருந்தபடியே எனக்கு விளக்குவார். அதுவும் தப்பாக.

மறுவாரம் எலக்ட்ரீஷியன் வந்தார். எங்கள் கட்டடத்தில் பல வீடுகளுக்கு அவர்தான் வேலை செய்கிறார். கைசுத்தமான ஆள், ஆனால் எப்போதும் இன்னொரு வீட்டில் பாதி வேலையை விட்டுவிட்டு வந்தவராகவே இருப்பார். பழைய சுவிட்ச் பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“சார், பெட்டில நியூட்ரல் ஒயர் இல்ல.”

“அப்போ இது வேலை செய்யாதா?” என் கணவருக்கு முகம் விழுந்துவிட்டது.

“செய்யும் சார். இந்த மாடலு நியூட்ரல் இல்லாமயே ஓடும். தனக்கு வேணும்ங்கிற கரண்ட்ட பல்பு வழியாவே இழுத்துக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. சாதாரண சுவிட்சுக்குத் தனியாக மின்சாரம் தேவையில்லை. அது இரண்டு உலோகத் துண்டுகளை ஒட்டும், பிரிக்கும், அவ்வளவுதான். அதனால்தான் பழைய பெட்டிகளில் மின்சாரம் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரை யாரும் இழுத்துவிடுவதில்லை. தொடுசுவிட்ச் அப்படி இல்லை. விரல் வருகிறதா, விரல் வருகிறதா என்று அதற்குள் ஒரு சின்ன மின்சுற்று எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சாப்பாடு வேண்டும். அணைந்திருக்கும் விளக்கின் வழியாக அது மின்சாரத்தை உறிஞ்சினால் அந்த விளக்கு என்ன ஆகும்? “பல்பு வழியாவா?” என்று கேட்டேன். “மேடம், அதெல்லாம் கம்பெனில யோசிச்சுதான் செய்வாங்க” என்றார் எலக்ட்ரீஷியன். “காபி கொண்டு வாயேன்” என்றார் கணவர்.

மறுநாள் காலையில் ஹால் விளக்கைப் போடப் போனேன். வலது கையில் பால் பாத்திரம், அதனால் இடது ஆள்காட்டி விரலை வட்டத்தின் மேல் வைத்தேன். எரியவில்லை. அழுத்தினேன். நடுவிரலால் முயன்றேன். ஒன்றும் இல்லை. அவர் எழுந்து வந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே விரலை வைத்தார். விளக்கு மலர்ந்தது.

“மெதுவாத் தொடணும். நீ வீணைக் கம்பியை அமுக்கற மாதிரி அமுக்கறே.”

அவரை அணைக்கச் சொல்லி மெதுவாகத் தொட்டேன். எரியவில்லை. அவர் தொட்டார். எரிந்தது. வங்கியில் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட விரல்கள், மெத்துமெத்தென்று இருக்கும். என் இடது கையின் அந்த இரண்டு விரல்களிலும் நாற்பது வருஷக் காய்ப்பு இருக்கிறது. கம்பி ஓடி ஓடி வரிவரியாகத் தடம் விழுந்த தோல். குண்டூசி குத்தினால்கூடச் சற்று நேரம் கழித்துத்தான் தெரியும்.

காரணம் எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. புரிந்ததில்தான் எரிச்சல் அதிகமானது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை எதிரும் புதிருமாக நிறுத்தி வைத்திருப்பார்கள். நடுவில் சிறு இடைவெளி. ஒன்றுக்கு மின்னூட்டம் கொடுத்தால் எதிரில் இருப்பதில் நேர்மாறான மின்னூட்டம் வந்து சேரும். இடையில் எதுவும் ஓடுவதில்லை, ஆனாலும் ஒன்று செய்வது இன்னொன்றுக்குத் தெரியும். அதுதான் மின்தேக்கி, கெபாசிட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகட்டைச் செருகினால் அது இன்னும் அதிக மின்னூட்டத்தைத் தேக்கிக்கொள்ளும். கண்ணாடிக்குள் மின்சாரம் ஓடாது என்பது உண்மை. ஆனால் அதன் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் கூட்டல் ஒரு பக்கமும் கழித்தல் மறு பக்கமுமாக இம்மியளவு விலகிக்கொள்ளும். அந்த விலகல் தகடுகளுக்கு உதவி செய்கிறது. இப்படி நடுவில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யும் பொருளுக்குத்தான் டைஎலக்ட்ரிக் என்று பெயர். மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் சும்மாவும் இருக்காது.

எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது இருப்பதும் அதுதான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செப்புத் தகடு. எதிர்த்தகடு நம் விரல். உடம்பு முழுக்க உப்புத் தண்ணீர் என்பதால் விரல் தகடாக இருக்கத் தோதானது. விரல் நெருங்கினால் தேக்கம் கூடும், அதைக் கண்டுபிடித்து உள்ளே இருக்கும் மின்சுற்று விளக்கைப் போடும். ஆனால் என் விரலில் உயிருள்ள, ஈரமுள்ள தசை தொடங்குவதே காய்ப்புக்கு அந்தப்பக்கம்தான். அந்த வறண்ட தோல் கண்ணாடியோடு சேர்ந்து இன்னொரு அடுக்காகிவிட்டது. தகடுகளுக்கு நடுவே தூரம் கூடினால் தேக்கம் குறையும். சுவிட்சைப் பொறுத்தவரை அங்கே யாரும் வரவில்லை.

வலது கை விரலை மடக்கி முட்டியால் தொட்டால் எரியும் என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து கதவைத் தட்டுவதுபோலத் தட்டித்தான் எங்கள் வீட்டு விளக்குகளைப் போடுகிறேன்.

எனக்கு இரண்டு விரல்தான். வீட்டு வேலைக்கு வருகிறவளுக்குப் பத்து விரலும் அப்படித்தான். அவள் முன்பு எங்களுக்கு நடந்து வரும் தூரத்தில், ஆற்றங்கரைக் குடியிருப்பில் இருந்தாள். அதையெல்லாம் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாள். வருஷக்கணக்காகச் சோப்புக்கட்டியும் தேங்காய் நாரும் அவள் விரல் நுனிகளை உரித்து உரித்து, ரேகையே இல்லாமல் காய்ந்த கட்டையாக ஆக்கியிருந்தன. செல்போனின் ரேகைப் பூட்டு அவள் விரலுக்குத் திறக்காது, நம்பரையும் நாலு தடவை குத்தித்தான் போடுவாள்.

“இன்னா மாமி இது? நானும் தொட்டுக்கினே கீறேன், எரியவே மாட்டேங்குது.”

“கையை நனைச்சுண்டு தொட்டுப் பாரு.”

தண்ணீர் தொட்டுக்கொண்டு வந்து சமையலறைப் பலகையில் கையை வைத்தாள். விளக்கு எரிந்தது. புகை இழுக்கும் விசிறியும் ஓடியது. வெளி பால்கனி விளக்கும் எரிந்தது. சுவரோர விளக்கும் எரிந்தது. கண்ணாடியின் மேல் வழிந்த தண்ணீர் நான்கு வட்டங்களையும் ஒன்றாக இணைத்துவிட்டது. சுவிட்சுக்கு அது நான்கு விரல்.

“ஒண்ணு கேட்டா நாலு குடுக்குது” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். முதல் நாள் சிரிப்பு வந்தது. தினமும் அதே கூத்து என்றால் சிரிப்பு எங்கிருந்து வரும்? அவள் முழங்கையால் தொடப் பழகிக்கொண்டாள். குறி தவறும். விளக்கென்று நினைத்து விசிறியைப் போடுவாள், விசிறியை அணைக்கப் போய் இரண்டையும் அணைப்பாள். ஒவ்வொரு தடவையும் “மாமீ!” என்று குரல் வரும். நான் வீணையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போவேன்.

கணவரிடம் சொன்னேன். “பழகினா சரியாப் போயிடும்” என்றார். “யாருக்குப் பழகணும், மனுஷாளுக்கா, சுவிட்சுக்கா?” என்றேன். பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்தது பூஜை அறை விளக்கு. அணைத்த பிறகு அது கண் சிமிட்ட ஆரம்பித்தது. ஒரு சிமிட்டல், பிறகு கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு சிமிட்டல். சுவாமி படங்களெல்லாம் இருட்டிலிருந்து சட்சட்டென்று தோன்றி மறைந்தன. பல்பு மட்டம் என்று முடிவு கட்டி அவர் வேறு பல்பு வாங்கி வந்தார். அதுவும் சிமிட்டியது. இன்னும் உசத்தியாக ஒன்று வாங்கி வந்தார். அது இன்னும் வேகமாகச் சிமிட்டியது.

“பல்பு மேல தப்பில்லை” என்றேன். “அணைச்சாலும் சுவிட்ச் பல்பு வழியாக் கொஞ்சம் கரண்ட்டை இழுத்துண்டேதான் இருக்கு. எல்.இ.டி. பல்புக்குள்ள ஒரு கெபாசிட்டர் இருக்கு. அந்தச் சொட்டுச் சொட்டுக் கரண்ட் அதுல போய்ச் சேர்ந்துண்டே இருக்கும். ரொம்பினதும் பல்பு ஒரு தடவை எரிஞ்சு எல்லாத்தையும் செலவழிச்சுடும். மறுபடி முதல்லேர்ந்து சேரும். பல்புக்குக் குறுக்க இன்னொரு கெபாசிட்டரைப் போட்டா அந்தக் கரண்ட் அது வழியாப் போயிடும். பல்பு சும்மா இருக்கும்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “யூட்யூப்ல பார்த்தியா?”

நான் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து அதையே சொன்னேன். “கெபாசிட்டர் ஃபேனுக்குத்தான மேடம் போடுவாங்க? நான் அடையார்ல ஒரு வேலைல கீறேன். வேணும்னா வாங்கி வைங்க, வந்து போட்டுத் தர்றேன். ஆனா எதுனா ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல” என்றார்.

நானே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருங்கிய ரிச்சி தெருவுக்குப் போனேன். ஆட்டோ நுழைய முடியாமல் முனையிலேயே இறக்கிவிட்டுவிட்டது. வெயிலில் ஒயர் சுருள்களையும் லேப்டாப் பெட்டிகளையும் தாண்டி ஒரு சின்னக் கடையின் முன்னால் போய் நின்றேன். ஏ.சி. லைனுக்கு நேராகப் போடுகிற வகையில் பாயின்ட் ஒன் மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் வேண்டும் என்றேன். கடைக்காரர் என் தலைக்கு மேலே பின்பக்கம் பார்த்தார்.

“சார் வரலீங்களா?”

“எந்த சார்?”

“இல்ல, யாருக்கு வேணும்னு கேட்டேன். ஃபேனுக்குங்களா? ஃபேன் மெதுவாச் சுத்துதா? ரெண்டரை போடுங்க, புதுசு மாதிரி சுத்தும்.”

“ஃபேன் நன்னா சுத்தறது. எனக்கு வேண்டியது பாயின்ட் ஒன்.”

“அது எதுக்குங்க உங்களுக்கு?”

உப்பு வாங்கப் போனால் எந்தக் கடைக்காரரும் எதுக்கு என்று கேட்பதில்லை. எதுக்கு என்பதை அவருக்கு முழுசாக விளக்கினேன். நேர்மின்சாரத்தைக் கெபாசிட்டர் நிறுத்திவிடும், திசை மாறி மாறி வரும் வீட்டு மின்சாரத்தை ஓரளவு விடும், எவ்வளவு விடும் என்பது அதன் அளவைப் பொறுத்தது, ஆகவே ரெண்டரையைப் போட்டால் வேண்டாத அளவுக்கு விடும் என்று நடுத்தெருவில் நின்று பாடம் நடத்தினேன். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டார்கள். கடைக்காரர் கடைசியில் ஒரு டப்பாவைத் திறந்து மஞ்சள் நிறத்தில் சீயக்காய்க் கொட்டை அளவில் இரண்டை எடுத்துக் கொடுத்தார். “டீச்சருங்களா?” என்றார். “ஆமாம்” என்றேன். வீணை டீச்சர் என்று சொல்லவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து அதைப் பல்பு ஹோல்டருக்குக் குறுக்கே பொருத்தினார். சிமிட்டல் நின்றது. அன்று சாயங்காலம் மாடிப்படியில் கணவர் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. “சின்ன விஷயம்தான் சார். ஒரு கெபாசிட்டர் போட்டோம், சரியாயிடுத்து.”

பிறகு மழைக்காலம் வந்தது.

கடல் இங்கிருந்து பக்கம். ஐப்பசியில் எங்கள் வீட்டுச் சுவர், புத்தகம், அரிசி எல்லாமே நசநசவென்று ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வீணைக்கே தனிச் சிசுருஷை செய்ய வேண்டியிருக்கும். கண்ணாடிப் பலகைகளுக்கு வேர்த்தது. வேர்வை ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு வழிந்தது. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அணைந்தது. ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் ஹால் ஃபேன் ஒன்றிலிருந்து ஐந்துக்குத் தானாக ஏறி, மாணவிகளின் ஸ்வரத் தாள்களெல்லாம் பறந்தன. எழுந்து போய்ப் பார்த்தால் பலகையின் குறுக்கே ஒரு பல்லி படுத்திருந்தது. அதன் வயிறும் ஈரமான தகடுதானே. பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஃபேனை ஐந்தில் வைத்தால் என்ன பலன் என்று இல்லை.

“மழைக்குத்தான். வெயில் வந்தா சரியாயிடும்” என்றார் கணவர்.

அந்த வாரத்தில் ஒரு காலை. அமெரிக்காவில் இருக்கும் ஒரு மாணவிக்கு அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் வழியாக வகுப்பு எடுப்பேன். வெளியே மழை வலுத்து, காலை என்றே தெரியாத அளவுக்கு இருட்டிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் வந்தது. பிறகு சத்தமே வரவில்லை. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மாணவியை இருக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

சமையலறை இருட்டாக இருந்தது. அவள் தொட்டியின் முன்னால் நின்று ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் சொட்டியது. தொட்டிக்குள் பாத்திரங்களோடு பாத்திரமாக ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்து கிடந்தது. அது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததா, பாத்திரம் விழுந்து உடைந்ததா, தெரியாது. இருட்டில் அவள் அதைப் பார்க்கவில்லை.

“ஏன் லைட்டைப் போடலை?”

“போட்டேன் மாமி. எரியல. மொழங்கையால கூடத் தொட்டேன். தானா எரிஞ்சி தானா அணைஞ்சிட்ச்சு.”

“என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?”

“நீங்க கிளாஸ்ல கீறீங்க. எத்தினி வாட்டிதான் உங்கள கூப்புடறது? எனக்கே ஒரு மாதிரியா கீது.”

கையைக் குழாயில் காட்டி, துணியால் அழுத்திப் பிடித்து, தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஆழமான வெட்டு இல்லை, தையல் வேண்டாம் என்றார் டாக்டர். கட்டுப் போட்டு, ஊசி போட்டு அனுப்பினார். அவளை ஆட்டோவில் பஸ் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, கை ஆறும்வரை வர வேண்டாம், சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்றேன். “அதுக்கில்ல மாமி, இந்தக் கட்டோட வந்தா உங்க லைட்டு சுத்தமா எரியாது” என்றாள். அவள் தமாஷாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் கணவர் ஹாலில் நின்றுகொண்டு, உலர்ந்த துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “காயம் பெரிசா? அவ கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதோ?” என்றார்.

“எதை வெச்சுப் பார்ப்பா?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அவ விரல்ல ஈரம் இல்லை. வெயில் நாள்லயே அந்தக் கண்ணாடிக்கு அவளைத் தெரியாது. காத்துல ஈரம் இருந்தா யாரும் தொடாமலே தொட்ட மாதிரி அதுக்குத் தோணும். உங்க விரல் ஒண்ணுதான் அதுக்குச் சரி. நீங்க ஒரு நாளாவது சமையலறை லைட்டைப் போட்டிருக்கேளா? தண்ணியும் சோப்பும் மாவும் இருக்கற இடத்துல, தண்ணி பட்டாலே குழம்பிப் போற சாமானை வெச்சிருக்கேள். கண்ணாடி நடுவுல, தகடு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். இதுல தோலோட கனம் மாறினா எல்லாம் மாறும், மேல ஒரு சொட்டுத் தண்ணி நின்னா எல்லாம் மாறும். இது முதல் வருஷப் பாடம்.”

அவர் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். “இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“மூணு வருஷம் இதைத்தானே படிச்சேன்!”

“நீ படிச்சது பி.எஸ்ஸி.ன்னு தெரியும்.” கொஞ்சம் தயங்கினார். “ஹோம் சயன்ஸ்னு நெனச்சிண்டிருந்தேன்.”

பெண் பார்க்க வந்தபோது, பெண் பௌதிகம் படித்தவள் என்று என் அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இவர் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து இவரோடு எதைச் சண்டை போடுவது? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் அமெரிக்க மாணவி இன்னும் காத்திருந்தாள். ஒலியை அணைக்க மறந்திருந்தேன். “மாமி, நாளைக்கு வேணா கிளாஸ் வெச்சுக்கலாமா?” என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

மறுநாள் எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். என் கணவர் அவரை வாசலிலேயே நிறுத்தி, “மேடத்தைக் கேளுங்கோ. அவா பிஸிக்ஸ் படிச்சவா” என்றார். இந்த விஷயத்தை அவரே தேடிக் கண்டுபிடித்ததுபோல ஒரு பெருமை. சமையலறை, குளியலறை, பால்கனி மூன்றிலும் சாதாரணச் சுவிட்ச் போடச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் மறுபேச்சுப் பேசாமல் தெருமுனைக் கடையிலேயே போய் வாங்கி வந்தார். “ரெண்டு நாளு கழிச்சு மறுபடி அந்தக் கண்ணாடியயே போடுன்னு சொல்லிடாதீங்க சார்” என்று மட்டும் கணவரிடம் சொன்னார். கழற்றிய கண்ணாடிப் பலகைகளைக் கணவர் ஒவ்வொன்றாகத் துடைத்து அதனதன் அட்டைப்பெட்டியில் வைத்து, பரண்மேல் ஏற்றினார். ஹாலிலும் எங்கள் படுக்கையறையிலும் இருப்பதைக் கழற்ற அவருக்கு மனசு வரவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

கட்டு அவிழ்த்த பிறகு அவள் வந்தாள். சமையலறைச் சுவிட்சைத் தட்டினாள். டக்கென்று ட்யூப்லைட் எரிந்தது. அணைத்துவிட்டு இன்னொரு தடவை தட்டினாள்.

“இத்த மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?” என்றாள்.

“செஞ்சிருக்கலாம்” என்றேன்.

எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை. இத்தனை வருஷம் எதையும் கேட்காதவர் இப்போது எல்லாவற்றையும் கேட்கிறார். மிக்ஸியில் ஏன் கருகல் வாசனை வருகிறது, செல்போன் சார்ஜர் ஏன் சுடுகிறது, மேல்வீட்டு ஃபேன் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது, அவாளிடம் நீ வந்து பார்ப்பாய் என்று சொல்லிவிட்டேனே, எப்போது போகலாம். வகுப்பு நடக்கும்போதே கதவோரம் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். மாணவிகள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். மேல்வீட்டு ஃபேனைப் பார்த்தேன். கெபாசிட்டர்தான், ஐந்து நிமிஷ வேலை. பார்த்த கையோடு எங்கள் கட்டடத்தில் இருக்கும் மற்ற மெதுவான ஃபேன்களும் எனக்கு வந்து சேர்ந்தன.

போன வாரமும் மழை. ஹால் பலகை வேர்த்து, விளக்கு தானாக எரிந்து தானாக அணைந்துகொண்டிருந்தது. அவர் துணியோடு அதன் முன்னால் நின்றிருந்தார். துடைப்பார், சற்று நிற்பார், மறுபடி துடைப்பார்.

“கண்ணாடிக்கு ஏன் இப்படி வேர்க்கறது?” என்று கேட்டார்.

காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டால் தண்ணீராகிவிடும், தண்ணீர் வட்டங்களை இணைத்துவிடும், கடல் பக்கம் இருக்கிற வீட்டில் மழைக்காலத்தில் இது நடக்காமல் இருக்காது என்று நிதானமாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டார்.

“அப்படீன்னா நாம ஏன் இதை வாங்கினோம்?” என்றார்.

நாம! உள்ளே போய் வீணையை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, சுருதி சேர்க்க ஆரம்பித்தேன்.